வாசகர் கேள்வி–பதில்: தற்காப்பு எதுவரை?

கேள்வி: இரவில் வீட்டுக்குள் புகுந்தவனைத் தாக்கினால் தற்காப்பு என்கிறார்கள், அவன் வெளியே ஓடிய பிறகு துரத்திச் சென்று தாக்கினால் குற்றம் என்கிறார்கள். அதே ஆள், அதே இரவு, அதே ஆயுதம். பத்து அடி தள்ளிப் போனதும் சட்டம் எப்படி மாறும்?

பதில்: அந்தப் பத்து அடிக்குள் ஆபத்து என்ன ஆனது என்பதையே சட்டம் கேட்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்த தற்காப்புரிமை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் ஏறத்தாழ அப்படியே தொடர்கிறது. உடலுக்கு ஆபத்து நேரும் என்ற நியாயமான அச்சம் எழுந்த கணத்திலேயே அந்த உரிமை பிறந்துவிடுகிறது. முதல் அடி விழும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்த அச்சம் இருக்கும் வரை உரிமையும் இருக்கும், அச்சம் நீங்கினால் உரிமையும் நீங்கும். கையிலிருந்த கத்தியைப் போட்டுவிட்டு ஓடுகிறவனின் முதுகில் விழும் வெட்டு எந்த ஆபத்தையும் தடுக்கவில்லை. நடந்து முடிந்த செயலுக்கு அது தண்டனை கொடுக்கிறது; தண்டனை கொடுக்கும் அதிகாரம் நீதிமன்றத்தைத் தவிர வேறு யாருக்கும் கிடையாது.

சொத்தைப் பொறுத்தவரை விதி சற்று வேறுபடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். திருடியவன் பொருளோடு தப்பிச் சென்று மறையும் வரையிலோ, பொருள் மீட்கப்படும் வரையிலோ, காவல்துறையின் உதவி கிடைக்கும் வரையிலோ அந்த உரிமை நீடிக்கும் என்பதால், பையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவனைத் துரத்திப் பிடித்துப் பையை மீட்பது குற்றமாகாது. ஆனால் சாதாரணத் திருட்டுக்காக ஒருவரின் உயிரைப் பறிக்கச் சட்டம் இடம் தரவில்லை. கொள்ளை, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைதல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல், உயிர்ச்சேதமோ கொடுங்காயமோ நேரும் என்று அஞ்சத்தக்க சூழலில் நடக்கும் திருட்டு போன்ற சிலவற்றில் மட்டுமே அந்த எல்லை வரை செல்லலாம். அப்போதும் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்ற நிபந்தனை உண்டு.

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் 1999 ஆகஸ்டில் டோனி மார்ட்டின் என்ற விவசாயி, இரவில் தம் பண்ணை வீட்டுக்குள் புகுந்த இருவரை உரிமம் இல்லாத துப்பாக்கியால் சுட்டார். முதுகில் குண்டு பாய்ந்து இறந்தவனுக்கு வயது 16. வீடு அவருடையது, புகுந்தவர்கள் திருட வந்தவர்கள் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. இருந்தும் தற்காப்பு வாதத்தை ஜூரி ஏற்காமல் அவரைக் கொலைக் குற்றவாளி என்றது. 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரது மனநிலையைக் கருதித் தண்டனையைக் குறைத்ததே தவிர, அவர் செய்தது தற்காப்பு என்று சொல்லவில்லை. அந்த வழக்கில் நாட்டின் அனுதாபம் பெருமளவு விவசாயியின் பக்கம் இருந்தது. தனி வீட்டில் பலமுறை திருட்டுக் கொடுத்தவரின் கலக்கம் எனக்கும் புரிகிறது. ஆனாலும் அந்தப் பையனின் முதுகை மறந்துவிட்டு இந்த வழக்கைப் பேச முடியாது என்றே நினைக்கிறேன்.

கேள்வி: முறையாக உரிமம் பெற்ற துப்பாக்கி என்றால் சுடுவதிலும் சட்டம் கொஞ்சம் சலுகை காட்டும் அல்லவா?

பதில்: காட்டாது. உரிமம் ஆயுதத்தை வைத்திருப்பதற்குத்தான். சுட்டது சரியா என்பது தனிக் கேள்வி. 1984 டிசம்பரில் நியூயார்க் சுரங்க ரயிலில் தம்மிடம் ஐந்து டாலர் கேட்ட இளைஞர்கள் நால்வரை பெர்ன்ஹார்ட் கெட்ஸ் என்பவர் சுட்டார். முதலில் சுட்ட பிறகு, ஒருவன் பெரிதாக அடிபடவில்லை என்று எண்ணி அவனை மறுபடி சுட்டதாகத் தம் வாக்குமூலத்தில் அவரே சொன்னார். 1987இல் ஜூரி அவரைக் கொலை முயற்சிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்து, உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்ததற்கு மட்டும் தண்டித்தது. உடல் செயலிழந்துபோன இளைஞர் தொடுத்த உரிமையியல் வழக்கிலோ, 1996இல் வேறொரு ஜூரி 4.3 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. குற்ற வழக்கு விசாரணைக்குப் போவதற்கு முன்பே, 1986இல், அந்த மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியிருந்தது: சுட்டவர் உண்மையாகவே பயந்தார் என்பது மட்டும் போதாது, அவர் இருந்த நிலையில் நியாயமான மனிதர் ஒருவரும் அப்படிப் பயந்திருப்பாரா என்று பார்க்க வேண்டும். இந்திய நீதிமன்றங்கள் கேட்கும் ‘நியாயமான அச்சம்’ என்பதும் இதுவே.

கேள்வி: எங்கள் பகுதியில் திருட்டு பெருகிவிட்டது. அழைத்தால் போலீஸ் வர நேரமாகிறது. இளைஞர்கள் சேர்ந்து கம்பும் கத்தியுமாக இரவு ரோந்து போகலாம் என்கிறார்கள். தெருவைக் காப்பதும் ஒருவகைத் தற்காப்புதானே?

பதில்: உங்கள் கவலை நியாயமானது. விழித்திருப்பதிலும், விளக்குப் போடுவதிலும், அந்நியர் நடமாட்டத்தைக் காவல் நிலையத்துக்குச் சொல்வதிலும் தவறே இல்லை. என் அச்சமெல்லாம் அந்தக் கம்பையும் கத்தியையும் பற்றித்தான். தற்காப்பில் ஆபத்து உங்களைத் தேடி வருகிறது. ஆயுதத்தோடு ரோந்து போகிறவரோ ஆபத்தானவர் யார் என்று தேடிப் போகிறார், அதைத் தாமே முடிவு செய்கிறார். அந்த முடிவு தவறாகும்போது திருத்திக்கொள்ள அவகாசமே இருப்பதில்லை.

2020 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 25 வயது அகமத் ஆர்பெரி ஒரு குடியிருப்புப் பகுதி வழியாக ஓடிக்கொண்டிருந்தார். கட்டுமானம் நடந்துகொண்டிருந்த ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அங்கிருந்து எதையும் எடுக்கவில்லை. திருடன் என்று சந்தேகித்த தந்தையும் மகனும் துப்பாக்கிகளோடு பிக்கப் வண்டியில் ஏறித் துரத்தினார்கள். அண்டை வீட்டுக்காரர் ஒருவர் இன்னொரு வண்டியில் சேர்ந்துகொண்டு வழியை மறித்ததோடு, தன் செல்பேசியில் படமும் பிடித்தார். ஆர்பெரி திசை மாற்றி மாற்றி ஓடினார். ஏறத்தாழ ஐந்து நிமிடம் ஓடியும் விடவில்லை. கடைசியில் ஷாட்கன்னோடு வழியில் நின்ற மகனோடு கைகலப்பு ஏற்பட, குண்டுகள் பாய்ந்து இறந்தார். அவர் கையில் எந்த ஆயுதமும் இல்லை. துப்பாக்கியைப் பறிக்க வந்ததால் தற்காப்புக்காகச் சுட்டேன் என்று மகன் வாதிட்டார். விரட்டி மடக்கியவர்களே அந்த மோதலை உண்டாக்கினார்கள், அப்படி உண்டாக்கியவர்கள் தற்காப்பு கோர முடியாது என்ற அரசுத் தரப்பு வாதமே வென்றது. 2021 நவம்பரில் மூவரும் கொலைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாகி, பின்னர் ஆயுள் தண்டனை பெற்றார்கள். அவர்கள் கேடயமாகப் பிடித்த, குடிமக்களே கைது செய்யலாம் என்னும் 19ஆம் நூற்றாண்டுச் சட்டத்தைத் தீர்ப்புக்கு முன்பே ஜார்ஜியா நீக்கிவிட்டது. அந்தச் செல்பேசிப் படம் வெளியாகும் வரை, இரண்டு மாதங்களுக்கும் மேலாக, ஒருவரும் கைது செய்யப்படவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

எல்லா வழக்கும் இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தின் கெனோஷா நகரில் கலவரம் நடந்தபோது, பிறர் சொத்தைக் காக்கப் போகிறேன் என்று ரைஃபிளோடு வந்த 17 வயது இளைஞர், தம்மைத் துரத்தித் தாக்கியவர்களில் இருவரைக் கொன்று ஒருவரைக் காயப்படுத்தினார். சுட்ட கணங்களில் அவர் உயிருக்கு அஞ்சினாரா என்பதே வழக்கின் மையமானது. ஜூரி அவரை விடுவித்தது. சட்டப்படி அந்தத் தீர்ப்பு நிற்கலாம். ஆனால் அவர் அந்தத் துப்பாக்கியோடு அங்கே போகாமல் இருந்திருந்தால் அந்த இருவரும் சாவதற்குக் காரணமே இருந்திருக்காது என்பதை எந்த விடுதலையும் மாற்றாது. ரோந்துக்குக் கிளம்பும் உங்கள் இளைஞர்களிடம் இதையும் சொல்லுங்கள்.

இந்தியாவில் குடிமக்கள் கைது செய்யும் உரிமை மிகக் குறுகியது. தன் கண்ணெதிரே, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கதும் ஜாமீனில் விட முடியாததுமான குற்றம் செய்பவரையோ, தேடப்படும் குற்றவாளியாக அறிவிக்கப்பட்டவரையோ மட்டுமே பிடிக்கலாம்; பிடித்தவரை ஆறு மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். சந்தேகத்தின்பேரில் பிடித்துக் கட்டிவைத்து அடிப்பதற்கு இதில் இடமே இல்லை. கும்பல் வன்முறையைத் தடுக்க அரசுகளுக்கு உச்ச நீதிமன்றம் 2018இல் விரிவான உத்தரவுகள் பிறப்பித்தது. மாவோயிஸ்டுகளுக்கு எதிராகச் சத்தீஸ்கரில் பழங்குடி இளைஞர்களுக்கு அரசே ஆயுதம் கொடுத்துச் சிறப்புக் காவலர்களாக்கியதைக்கூட 2011இல் அது அரசியல் சாசனத்துக்கு முரணானது என்றது.

கேள்வி: உயிர் போகும் நேரத்தில் எவ்வளவு பலம் தேவை என்று கணக்குப் பார்க்க முடியுமா? பிறகு நீதிமன்றத்தில் அதை எப்படி நிரூபிப்பது?

பதில்: கணக்குப் பார்க்க முடியாது என்பதை நீதிமன்றங்களும் அறிந்திருக்கின்றன. தாக்கப்பட்டவரின் எதிர்வினையைத் தங்கம் நிறுக்கும் தராசில் நிறுத்துப் பார்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. தாக்க வருகிறவனுக்கு முன்னால் கோழையைப்போல் ஓட வேண்டும் என்றும் இந்தியச் சட்டம் எதிர்பார்ப்பதில்லை. நல்லெண்ணத்தோடு தற்காத்துக்கொள்ளும்போது எல்லை மீறி ஒருவர் இறந்துவிட்டால், முன்கூட்டித் திட்டமிடாதிருந்து, தேவைக்கு மேல் தீங்கு செய்யும் நோக்கமும் இல்லாதிருந்தால், அது கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்று குறைத்தே கருதப்படும். இங்கே தற்காப்பைக் காட்டும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது என்றாலும், அரசுத் தரப்பைப்போல் ஐயத்துக்கு இடமின்றி அவர் நிரூபிக்க வேண்டியதில்லை; நடந்திருக்க வாய்ப்புள்ளது என்று காட்டினால் போதும்.

அதனால் சம்பவம் முடிந்ததும் நீங்கள் செய்வது பெரிதும் உதவும். முதலில் காவல்துறைக்கும் ஆம்புலன்சுக்கும் நீங்களே தகவல் சொல்லுங்கள். அடிபட்டவன் உங்களைத் தாக்கியவனே ஆனாலும் ரத்தத்தை நிறுத்த முயலுங்கள். ஆயுதத்தைக் கழுவவோ ஒளிக்கவோ வேண்டாம்; உடைந்த கதவையும் சிந்திய பொருள்களையும் அப்படியே விடுங்கள். உங்கள் உடலில் உள்ள சிராய்ப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அன்றே அரசு மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள். வாக்குமூலம் கொடுப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள்.