பதக்கம் வென்றவர்களே பங்குதாரர்களாக இருந்த அணி

கேள்வி: அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தின் மிக நீண்ட ஆட்டத்தில் வென்ற அணி, அடுத்த சில ஆண்டுகளிலேயே இல்லாமல் போய்விட்டது என்று படித்தேன். அது எந்த அணி? யார் தொடங்கியது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் குறிப்பிடுவது இண்டியானாபொலிஸ் ஒலிம்பியன்ஸ் அணி. 1949 முதல் 1953 வரை நான்கே பருவங்கள் ஆடியது. ஆனால் அது தொடங்கிய விதத்துக்கு இணையாக இன்னொன்றைச் சொல்வது கடினம்.

அடால்ஃப் ரப் பயிற்சியளித்த கென்டக்கிப் பல்கலைக்கழக அணி 1948, 1949 ஆகிய இரு ஆண்டுகளிலும் அமெரிக்கக் கல்லூரிகளுக்கான தேசியப் பட்டத்தை வென்றது. அதன் முதல் ஐவர் 1948-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக ஆடி, இறுதிப் போட்டியில் பிரான்ஸை 65–21 என்று வென்று தங்கப் பதக்கத்துடன் திரும்பினார்கள். ஐவரில் ஒருவரான கென்னி ராலின்ஸ் அந்த ஆண்டே சிகாகோ ஸ்டாக்ஸ் அணிக்குச் சென்றுவிட்டார். மீதமிருந்த அலெக்ஸ் க்ரோசா, ரால்ஃப் பியர்ட், வாலஸ் ஜோன்ஸ், கிளிஃப் பார்க்கர் ஆகிய நால்வரும் 1949-இல் கல்லூரி ஆட்டத்தை முடித்தபோது, ஆளுக்கொரு முதலாளியிடம் ஒப்பந்தம் போட்டுப் பிரிந்து செல்லாமல், பழைய கென்டக்கித் தோழர் ஜோ ஹாலந்தையும் சேர்த்துக்கொண்டு, தாங்களே பங்குதாரர்களாக ஓர் அணியைத் தொடங்கினார்கள். பெயரும் அந்தப் பதக்கத்திலிருந்தே வந்தது.

அன்று அமெரிக்காவில் இரண்டு தொழில்முறை லீக்குகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. நடுமேற்குப் பகுதியின் சிறு நகரங்களில் வேரூன்றிய தேசியக் கூடைப்பந்து லீக் ஒருபுறம். பெருநகர அரங்க உரிமையாளர்கள் 1946-இல் தொடங்கிய அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கம் மறுபுறம். புகழின் உச்சியிலிருந்த கென்டக்கி வீரர்களைத் தன் பக்கம் இழுக்கவே முதல் லீக் ஓர் அணியைச் சொந்தமாக நடத்தும் உரிமையை அவர்களுக்குக் கொடுத்தது. அவர்கள் ஒரு பந்தைத் தொடும் முன்பே, 1949 ஆகஸ்டில் இரண்டு லீக்குகளும் இணைந்து என்.பி.ஏ. (தேசியக் கூடைப்பந்துச் சங்கம்) ஆகிவிட்டன.

முதல் பருவத்தில் பயிற்சியாளரும் அவர்களில் ஒருவர்தான். உலகப் போரில் விமானப்படையில் பணியாற்றி, ஜெர்மனியில் ஓராண்டுக்கும் மேலாகப் போர்க்கைதியாக இருந்துவிட்டுக் கல்லூரிக்குத் திரும்பிய கிளிஃப் பார்க்கர், ஆடிக்கொண்டே அணியையும் வழிநடத்தினார். பட்லர் ஃபீல்ட்ஹவுஸ் அரங்கைச் சொந்தக் களமாகக் கொண்ட அந்தப் புதிய அணி 39 வெற்றி, 25 தோல்வி என்ற கணக்குடன் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. க்ரோசா ஆட்டத்துக்குச் சராசரியாக 23.4 புள்ளிகள் எடுத்தார். லீக்கிலேயே அவரை மிஞ்சியவர் மினியாபொலிஸ் லேக்கர்ஸின் ஜார்ஜ் மைக்கன் ஒருவர்தான்.

கேள்வி: அந்த நீண்ட ஆட்டம் ஆறு கூடுதல் நேரங்கள் நடந்தும் 75–73 என்றுதான் முடிந்ததாமே? இன்று ஒரே பாதியில் அவ்வளவு புள்ளிகள் எடுக்கிறார்களே?
– வாசகர், மதுரை

பதில்: காரணம் விதியில் இருந்தது. பந்தைக் கைப்பற்றிய அணி இத்தனை நொடிகளுக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும் என்ற கட்டாயம் அப்போது இல்லை.

1951 ஜனவரி 6 அன்று ராச்செஸ்டர் நகரில் ராயல்ஸ் அணியை ஒலிம்பியன்ஸ் சந்தித்தது. முழு நேரம் முடிந்தபோது 65–65. அதன் பிறகு ஒவ்வொரு கூடுதல் நேரத்திலும், தொடக்கப் பந்தைப் பெற்ற அணி அதைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, கடைசி நொடிகளில் ஒரே ஒரு எறிதலுக்குக் காத்திருந்தது. எதிரணியும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றது. முதல், மூன்றாம் கூடுதல் நேரங்களில் ஆளுக்கு இரண்டு புள்ளிகள்; இரண்டாவதிலும் நான்காவதிலும் எதுவுமே இல்லை; ஐந்தாவதில் ஆளுக்கு நான்கு. ஆறாவதில், நேரம் முடியும் தறுவாயில் ரால்ஃப் பியர்ட் எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது. மொத்தம் 78 நிமிட ஆட்டம். இன்றுவரை என்.பி.ஏ.வில் இதைவிட நீண்ட ஆட்டம் நடந்ததில்லை.

அதற்குச் சில வாரங்களுக்கு முன், 1950 நவம்பரில், ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணி லேக்கர்ஸை 19–18 என்று வென்றிருந்தது. இத்தகைய ஆட்டங்கள் பார்வையாளர்களை விரட்டிவிடும் என்ற அச்சமே 1954-இல் 24 நொடி விதி வருவதற்குக் காரணம். ஒலிம்பியன்ஸ் அந்த விதியைப் பார்க்கவில்லை.

கேள்வி: சூதாட்ட ஊழலில் சிக்கியதால் இந்த அணி அழிந்தது என்கிறார்கள். ஒலிம்பியன்ஸ் ஆட்டங்களில் வேண்டுமென்றே தோற்றார்களா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இல்லை. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியது அவசியம், ஏனெனில் பலரும் இங்கேதான் குழப்பிக்கொள்கிறார்கள். அவர்கள் தண்டிக்கப்பட்டது கல்லூரி மாணவர்களாக இருந்த காலத்தில் நடந்த செயலுக்காக.

அக்காலச் சூதாட்டத்தில் பந்தயம் யார் வெல்வார் என்பதன் மேல் மட்டும் கட்டப்படவில்லை; எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வெல்வார் என்பதன் மேலும் கட்டப்பட்டது. எனவே தோற்கும்படி எவரையும் கேட்க வேண்டியதில்லை, வித்தியாசத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும் என்று மாணவர்களிடம் பேசிப் பணத்தைத் திணிப்பது தரகர்களுக்கு எளிதாக இருந்தது. 1949 மார்ச்சில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் சிகாகோவின் லயோலா அணியுடன் ஆடிய கென்டக்கி, வித்தியாசம் குறைவதோடு நில்லாமல் 67–56 என்று ஆட்டத்தையே இழந்தது. அதே மாதத்தில் அதே வீரர்கள் தேசியப் பட்டத்தையும் வென்றார்கள் என்பதால் அந்தத் தோல்வியை அப்போது பலர் தற்செயல் என்றே கருதினர்.

நியூயார்க் அரசு வழக்கறிஞர் ஃபிராங்க் ஹோகனின் விசாரணை 1951-இல் பல கல்லூரிகளைச் சூழ்ந்தது. சூதாடிகளால் தன் பையன்களை நெருங்கவே முடியாது என்று ரப் பெருமையுடன் அறிவித்திருந்தார். அந்த அக்டோபர் 20 அன்று, சிகாகோவில் ஓர் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்த க்ரோசாவும் பியர்டும் கைது செய்யப்பட்டார்கள். பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டார்கள். நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்ததால் சிறை செல்லவில்லை, ஆனால் என்.பி.ஏ. தலைவர் மாரிஸ் பொடோலோஃப் இருவரையும் வாழ்நாள் முழுவதும் விலக்கினார். தங்கள் அணியில் வைத்திருந்த பங்குகளையும் விற்க வேண்டியதாயிற்று. தாம் 700 டாலர் வாங்கியது உண்மை, ஆனால் எந்த ஆட்டத்தையும் கெடுத்து ஆடியதில்லை என்று பியர்ட் 2007-இல் இறக்கும்வரை சொல்லிவந்தார்.

வாங்கியது தவறு, அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், தொழில்முறை ஆட்டத்தில் ஒரு குற்றச்சாட்டும் இல்லாத, லீக்கின் சிறந்த வீரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டம் 1951-இல் முதன்முதலாக நடந்தபோது அதில் இடம்பெற்ற, அந்தப் பருவத்தின் சிறந்த ஐவரில் இருவராகத் தேர்வான இளைஞர்களுக்கு, குறைக்கவே இயலாத வாழ்நாள் தடை அளவுக்கு மீறியது என்றே நான் கருதுகிறேன். சில ஆண்டுகள் விலக்கிவைத்துவிட்டுத் திரும்ப அழைத்திருக்கலாம்.

கேள்வி: அவர்கள் போனதும் அணி உடனே கலைந்துவிட்டதா?
– வாசகர், சேலம்

பதில்: கலையவில்லை, அதுவே வியப்பு. ஹெர்ம் ஷேஃபர் பயிற்சியில், லியோ பார்ன்ஹார்ஸ்ட், ஜோ கிராபோஸ்கி, புதிதாக வந்த பில் டோஷெஃப் போன்றவர்களைக் கொண்டு 1951–52 பருவத்தில் 34 ஆட்டங்களில் வென்று 32-இல் தோற்றது. அடுத்த பருவத்தில் 28 வெற்றி, 43 தோல்வி. ஆடிய நான்கு பருவங்களிலும் பட்டத்துக்கான வெளியேற்றச் சுற்றுக்குத் தகுதி பெற்றது. கடைசி மூன்றிலும் அதை வெளியேற்றியது லேக்கர்ஸ்தான். ஆனால் ரசிகர்கள் அரங்குக்கு வந்தது குறிப்பிட்ட அந்த வீரர்களுக்காக. அவர்களின் பெயரையே மூலதனமாகக் கொண்ட அணி, அந்தப் பெயர் கறைபட்டபின் நெடுநாள் தாங்கவில்லை. 1953-இல் மூடப்பட்டது. பேஸர்ஸ் அணி 1976-இல் சேரும்வரை இண்டியானாபொலிஸுக்கு என்.பி.ஏ.வில் இடமில்லை.

கேள்வி: இன்று என்.பி.ஏ. வீரர்கள் இப்படித் தங்கள் அணிக்குத் தாங்களே உரிமையாளர்களாக இருக்க முடியுமா?
– அதே வாசகர்

பதில்: ஆடிக்கொண்டிருக்கும் வீரர் தன் அணியில் நேரடியாகப் பங்கு வைத்திருக்க இன்றைய விதிகள் இடம் தருவதில்லை. மைக்கேல் ஜோர்டன் 2001-இல் வாஷிங்டன் விசார்ட்ஸ் அணிக்காக மீண்டும் களமிறங்க முடிவு செய்தபோது, அதே அணியில் தாம் வைத்திருந்த பங்கை முதலில் கைவிட வேண்டியிருந்தது.