எட்டுப் பயிற்சியும் செய்ய முடியவில்லை, சொல்லலாமா?

கேள்வி: வயது 58. முழங்கால் மூட்டுத் தேய்மானம். பிசியோதெரபிஸ்ட் எட்டுப் பயிற்சிகளைத் தினமும் இரண்டு வேளை செய்யச் சொன்னார். வேலைக்கு நடுவில் இரண்டு பயிற்சிதான் முடிகிறது. 'எல்லாம் செய்கிறேன்' என்று சொல்லிவிடலாமா என்று தோன்றுகிறது. மாற்றித் தரச் சொன்னால் தவறாக நினைப்பாரோ?

பதில்: தயவுசெய்து அப்படிச் சொல்லிவிடாதீர்கள். எட்டையும் செய்வதாக நம்பினால், வலி குறையாததைப் பார்த்துப் பயிற்சியே பலிக்கவில்லை என்று அவர் முடிவுகட்டிவிடுவார். தேவையில்லாமல் ஊசி, அறுவை சிகிச்சை என்று பேச்சு போகும். என்னிடம் வருபவர்களிலும் பலர் திட்டு விழுமோ என்று பயந்தே உண்மையை மறைக்கிறார்கள். மனது கஷ்டமாக இருக்கும்.

கேட்பது தவறே இல்லை. தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி, நடை, சைக்கிள், தண்ணீருக்குள் செய்யும் பயிற்சி எல்லாமே முழங்கால் தேய்மான வலியைக் குறைக்க உதவும். இதில் ஒன்றுதான் உயர்ந்தது என்று சொல்ல முடியாது. அதனால் எதை உங்களால் விடாமல் செய்ய முடிகிறதோ, அதுதான் உங்களுக்கு நல்ல பயிற்சி. அது எதுவென்று உங்களுக்குத்தான் தெரியும். மூட்டு எவ்வளவு தாங்கும், சுமையை எப்போது கூட்டலாம் என்பது அவருக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் சரியான முடிவு வரும்.

அடுத்த முறை 'வலி போகணும்' என்பதோடு நிறுத்தாமல், எதைச் செய்ய முடியாமல் தவிக்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். மாடிப்படி இறங்கப் பயமாக இருக்கிறது என்றால், படிக்கான பயிற்சியை அவர் முன்னால் கொண்டுவருவார். அப்புறம் கேளுங்கள்: வேறு என்ன வழி இருக்கிறது? ஒவ்வொன்றிலும் நன்மை என்ன, சிரமம் என்ன? ஒன்றுமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? எப்போது பலன் தெரியும்? பெரும்பாலும் 6 முதல் 12 வாரம் பிடிக்கும், அதற்குள் சோர்ந்துவிடாதீர்கள். பயிற்சியின்போது ஓரளவு வலி வந்து மறுநாளுக்குள் அடங்கினால் பயமில்லை. அடங்காவிட்டால் அளவைக் குறைக்கச் சொல்லுங்கள். கேட்டதற்காக ஒருவர் கோபித்துக்கொண்டால் அது அவருடைய குறை, உங்களுடையது அல்ல.

மூட்டு திடீரென வீங்கிச் சிவந்து காய்ச்சல் வந்தாலோ, பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனாலோ, காலை ஊன்றவே முடியாவிட்டாலோ அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

இப்போது செய்கிற அந்த இரண்டு பயிற்சிகளை எழுதிக்கொண்டு போங்கள். புதிய திட்டத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.