ஜூலியனின் ஊர்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரோமப் பேரரசர் ஜூலியனின் மனதுக்கு நெருக்கமான ஊர் ஏதென்ஸ் என்று எழுதியிருந்தீர்கள். அங்கே அவர் சில மாதங்கள்தானே படித்தார்? பிறந்த ஊரான கான்ஸ்டான்டிநோபிளை விடவா அது பெரிது?

எம்.

அன்புள்ள எம்.,

நியாயமான கேள்வி. கி.பி. 355-இல் சில மாதங்கள், அவ்வளவுதான். ஆனால் அரசவையிலிருந்து அழைப்பு வந்தபோது ஏதென்ஸின் கோயில் குன்றான அக்ரோபொலிஸ் பக்கம் கைகளை நீட்டி, என்னைக் காப்பாற்று என்று அதீனா தேவியிடம் அழுததை ஏதென்ஸ்காரர்களுக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். கான்ஸ்டான்டிநோபிள் விஷயம் வேறு. 337-இல், விவரம் தெரியாத வயதில், அப்பாவையும் உறவினர்களையும் படுகொலையில் இழந்தவர் அவர். அப்படியும் அரசரானதும் பிறந்த ஊருக்குத் துறைமுகமும் நூலகமும் கட்டிக்கொடுத்தார்.

ஆனால் இப்போது யோசித்தால் நான் விட்டது லுடீஷியாவை, அதாவது இன்றைய பாரிஸை. அன்றைக்கு அது ஆற்றுக்கு நடுவே ஒரு சின்னத் தீவு, இரண்டு பக்கமும் மரப்பாலம். ‘என் அன்புக்குரிய லுடீஷியா’ என்றே எழுதுகிறார். ஆற்றுத் தண்ணீர் குடிக்க நன்றாக இருக்கும், நல்ல திராட்சை விளையும், குளிர்காலத்தில் அத்திமரங்களுக்குக் கோதுமை வைக்கோலைச் சுற்றிக் காப்பாற்றுவார்கள் என்று ஊர்க்காரர் மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார். ஒரு வருஷம் கடுங்குளிர், ஆற்றில் பளிங்குப் பாளம் போலப் பனிக்கட்டிகள் மிதந்து வர, அப்போதும் அறையைச் சூடாக்க வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தவர் கடைசியில் கொஞ்சம் கங்கு கொண்டுவரச் சொல்லி, அந்தச் சூட்டில் சுவர்களிலிருந்து கிளம்பிய ஆவியில் மூச்சுத் திணறிச் செத்துப் பிழைத்திருக்கிறார். 360-இல் வீரர்கள் அவரைக் கேடயத்தில் தூக்கி நிறுத்திப் பேரரசராக அறிவித்ததும் அங்கேதான்.

இதையெல்லாம் அவர் எழுதியது அன்றைய சிரியாவின் அந்தியோகியா நகரில் இருந்துகொண்டு! தானியத் தட்டுப்பாடு, கோபம், ஊரே அவர் தாடியைக் கேலி செய்கிறது. பதிலுக்கு 363-இல் அந்த ஊர்க்காரர்களைத் திட்டி ‘மிசோபோகன்’ (தாடியை வெறுப்பவன்) என்ற அங்கத நூலை எழுதுகிறார். அந்த வசவுக்கு நடுவில்தான் லுடீஷியாவின் அத்திமரங்கள் வருகின்றன. எனக்கு அவர்மேல் பிரியம் வந்ததே அந்தப் பக்கத்தால்தான். அப்புறம், இனி அந்தியோகியாவுக்குத் திரும்பமாட்டேன், அடுத்த குளிர்காலம் தார்சுஸ் நகரில் என்று சொல்லிவிட்டுப் பாரசீகப் போருக்குப் போனார். ஜூனில் இறந்துவிட்டார். உடலைத் தார்சுஸில்தான் அடக்கம் செய்தார்கள்.

ஏதென்ஸை எடுக்க மனம் வரவில்லை. பக்கத்தில் லுடீஷியாவையும் சேர்த்துவிடுகிறேன்.