‘அது காக்கா’ என்று சொன்னவள்

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயதாகிறது. இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துத்தான் பேசுகிறான். அதுவும் தெளிவாக இல்லை. குமரகுருபரர் ஐந்து வயதில்தான் வாய் திறந்தார், இவனும் பேசுவான் என்கிறார் மாமியார். கணவர் மேலூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார், அவருக்கு நேரமில்லை. பள்ளியில், வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசுங்கள் என்கிறார்கள். நல்லவேளையாக, நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு அவன் பேசுவதெல்லாம் புரிகிறது. அவன் “தாத்தா” என்றால் நாங்கள் மாமனாரைக் கூப்பிடுவோம். அவள்தான் “அது காக்கா” என்பாள். அதனால் இந்த ஜூன் மாதம் அவளை எங்கள் ஊர் ஒன்றியப் பள்ளியிலிருந்து மாற்றித் தம்பி படிக்கும் பள்ளியிலேயே சேர்த்துவிட்டோம். அவன் சொல்வது புரியாதபோது டீச்சர் அவளைக் கூப்பிட்டனுப்புகிறார். முதலில் இரண்டு நாள் அழுதாள், பிறகு சரியாகிவிட்டாள். நான் இரவெல்லாம் போனில் தேடுகிறேன், ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒரு சேனலில் 45 நாள் பேச்சுப் பயிற்சி என்று பணம் கட்டச் சொல்கிறார்கள். பேச்சுக் குறைபாடு பற்றி நம்பிப் படிக்கக்கூடிய இணையதளங்கள், செயலிகள் எவை?
– மேலூர் அருகிலிருந்து ஒரு தாய்

பதில்:

சகோதரி, இணையதளங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தது அந்தக் கேள்விக்காக அல்ல. “முதலில் இரண்டு நாள் அழுதாள், பிறகு சரியாகிவிட்டாள்” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்காக. ஒன்பது வயதுப் பெண் மூன்றாம் நாள் அழுகையை நிறுத்தினால் அவளுக்குச் சரியாகிவிட்டது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? அழுது பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான் நடந்திருக்கிறது. நானும் ஒரு வீட்டின் மூத்த பெண்ணாகப் பிறந்தவள் என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது.

உங்கள் மகள் தோழிகளோடு நடந்து போய்ப் படித்துக்கொண்டிருந்த பள்ளியை விட்டு, தம்பிக்காக வேனில் ஏற்றி அனுப்பப்பட்டிருக்கிறாள். அங்கே அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது தம்பியின் வகுப்பிலிருந்து ஆள் வருகிறது. எழுந்து போய், அவன் தண்ணீர் கேட்கிறானா, ஒன்றுக்குப் போக வேண்டும் என்கிறானா என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறாள். அதற்குள் கரும்பலகையில் அடுத்த கணக்கு வந்திருக்கும். இதை நீங்கள் ஒரு வசதியாகவும், கொஞ்சம் பெருமையாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒன்று கேட்கிறேன், உங்களுக்குள் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். மூத்தது ஆண்பிள்ளையாக இருந்து, இளையது பெண்ணாக இருந்து, அவளுக்குப் பேச்சு வராமல் இருந்திருந்தால், அவனுடைய பள்ளியை மாற்றியிருப்பீர்களா? கடையை விட்டு ஒரு நாள் வர முடியாத தகப்பனும், போனில் இரவெல்லாம் தேடும் தாயும், ஐந்து வயதுவரை பொறுக்கச் சொல்லும் பாட்டியும் இருக்கிற ஒரு வீட்டில், பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து சுமக்க வேண்டியதை இருப்பவர்களிலேயே சிறிய தோளில் ஏற்றிவிட்டீர்கள். தம்பியிடம் அன்பாயிருப்பது அவள் கடமை. அவனுக்கு வாயாக இருப்பது அவள் கடமை அன்று. அவனைப் பெற்றவர்கள் நீங்கள் இருவரும்தான்.

அவள் செய்திருக்கும் வேலை எத்தகையது என்பதாவது உங்களுக்குத் தெரிய வேண்டும். “தாத்தா” என்று அவன் சொன்னதைக் “காக்கா” என்று அவள் புரிந்துகொண்டது வெறும் பாசத்தால் வந்ததாக இருக்க முடியாது. நாக்கின் பின்பகுதி மேலெழும்பிப் பிறக்க வேண்டிய ககரத்தை, நாக்கு நுனியில் பிறக்கும் தகரமாக அவன் மாற்றுகிறான் என்ற விதியை அவள் தானாகவே கண்டுபிடித்திருக்கிறாள். அப்படியானால் கதவு என்பதை அவன் ததவு என்பான், குருவியைத் துருவி என்பான். இன்றிரவு அவளிடம் கேட்டுப் பாருங்கள். சிறு பிள்ளைகள் பலரும் இப்படி மாற்றுவதுண்டு. பெரும்பாலோரிடம் நான்கு வயதை ஒட்டி அது மறைந்துவிடும். ஸ்பீச் தெரபிஸ்ட் முதல் நாள் உட்கார்ந்து குறித்துக்கொள்வதும் இத்தகைய விதிகளைத்தான். நாலரை ஆண்டுகளாக அதே வீட்டில் இருக்கும் நீங்கள் அதைக் கவனிக்கவில்லை. அவள் கவனித்திருக்கிறாள், ஏனென்றால் அவள் மட்டும்தான் அவன் பேசி முடிக்கும்வரை அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே ஒரு நோட்டை எடுத்து, அவன் சொல்லும் சொல், அவன் நினைத்த சொல் என்று இரண்டு பத்தியாக அவள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நோட்டு உங்கள் கைக்கு வந்த பிறகு, அந்த வேலையிலிருந்து அவளை விடுவித்துவிடுங்கள்.

உங்கள் மாமியாரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசவில்லை என்பது நம் பக்கத்தில் எல்லோரும் அறிந்த வரலாறுதான். அவருடைய பெற்றோர் என்ன செய்தார்கள் என்பதும் அதே வரலாற்றில்தான் இருக்கிறது. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருச்செந்தூருக்குப் போய், முருகன் சந்நிதியில் விரதம் கிடந்தார்கள். தாயும் தகப்பனும் சேர்ந்து போனார்கள். அது ஏறத்தாழ உங்கள் மேலூருக்கும் மதுரைக்கும் உள்ள தூரம்தான். நீங்கள் இன்னும் மாட்டுத்தாவணிக்குப் பஸ் ஏறவில்லை.

முதலில் அவனுடைய காதைப் பரிசோதிக்க வேண்டும். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானே என்று சொல்லாதீர்கள். அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும் பிள்ளைகூடத் திரும்பிப் பார்க்கும். ஆனால் ஓர் எழுத்துக்கும் இன்னோர் எழுத்துக்கும் உள்ள நுண்ணிய வேறுபாடு அதற்குச் சரியாகக் கேட்காமல் போகலாம். பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு இராஜாஜி மருத்துவமனையில், காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய்க் கேட்டல் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைக் கண்டறிய 2013 இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மாவட்டந்தோறும் ஒரு தொடக்கநிலைச் சிகிச்சை மையம் ஏற்பட்டது. அதைப் பற்றியும் அங்கேயே விசாரியுங்கள். அத்திட்டத்தின் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் நேரில் வந்து பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். தனியார் பள்ளிக்குப் போய்விட்ட உங்கள் பிள்ளைகளை நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நாக்கில் வசம்பைத் தேய்ப்பதையும், நாக்கு தடித்திருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு வெட்டிவிட நினைப்பதையும் அதுவரை யாரும் செய்ய வேண்டாம்.

இப்போது இணையதளங்களுக்கு வருகிறேன். மைசூரில் 1965 இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் நம் நாட்டில் இத்துறைக்குத் தாய்வீடு போன்றது. அதன் தளத்தை முதலில் படியுங்கள், தொலைவில் இருப்பவர்களுக்குக் காணொளி வழியாகவும் அவர்கள் பயிற்சி தருகிறார்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் ஒன்று இருக்கிறது. தமிழிலேயே பேசிக் கேட்கலாம் என்பது அதில் உங்களுக்கு வசதி.

பிள்ளை எந்த வயதில் என்ன பேச வேண்டும் என்பதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் தளம் இரண்டு மாதம் தொடங்கி ஐந்து வயதுவரை பட்டியலிட்டிருக்கிறது. மூன்று வயதில் வெளியார்க்கும் பெரும்பாலும் புரியும்படி பேச வேண்டும், நான்கு வயதில் நான்கு சொற்களுக்குக் குறையாத வாக்கியம் வர வேண்டும் என்கிறது அப்பட்டியல். உங்கள் மகன் இந்த இரண்டிலும் பின்தங்கியிருக்கிறான். ஒலிப்பு ஒன்று, மொழி வேறு. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், செயலியைக் கையில் கொடுத்துச் சரிசெய்யும் காரியம் அன்று இது. ஆனால் ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். எந்த எழுத்து எந்த வயதில் வர வேண்டும் என்று ஆங்கிலத் தளங்கள் போடும் பட்டியல் ஆங்கில ஒலிகளுக்கானது. நம் ழகரமும் றகரமும் அதில் இருக்காது. மதுரைப் பக்கம் பெரியவர்களே வாழைப்பழத்தை வாளப்பளம் என்கிறோம். அதை யாரும் குறைபாடென்று கொள்ள முடியாது.

வீட்டில் ஆங்கிலம் பேசச் சொன்ன பள்ளியின் யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். அமெரிக்கப் பேச்சு, மொழி, கேட்டல் சங்கத்தின் தளத்தைப் பாருங்கள். ஆஷா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு வராது, வீட்டு மொழியைக் கைவிடத் தேவையில்லை என்று அவர்களே தெளிவாக எழுதியிருக்கிறார்கள். உங்களுக்குச் சரளமாக வராத மொழியில் நீங்கள் பேசினால் அவனுக்குக் கிடைப்பது நாலைந்து கட்டளைகள் மட்டுமே. மாட்டைப் பற்றி, மழையைப் பற்றி, கண்மாயில் தண்ணீர் வந்ததைப் பற்றி நீங்கள் அவனிடம் தமிழில்தான் பேச முடியும். கனடாவின் டொராண்டோவிலுள்ள ஹானென் மையம் பெற்றோருக்கென்றே எழுதும் தளம் ஒன்றை நடத்துகிறது. அவர்கள் பெற்றோருக்குச் சொல்லித் தருவதன் சாரம் பார்த்திரு, காத்திரு, கேட்டிரு என்பதுதான். உங்கள் மகள் யாரும் சொல்லித் தராமலே செய்துகொண்டிருப்பது அது. அவன் “தாத்தா” என்று வானத்தைக் காட்டினால், தப்பு, திருப்பிச் சொல் என்று அதட்டாமல், “ஆமாம், காக்கா! காக்கா பறந்து போகுது” என்று நீங்கள் சரியாகச் சொல்லிக் காட்டினால் போதும்.

45 நாள் பயிற்சிக்கு ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். பிள்ளையைப் பார்க்காமல், காதைச் சோதிக்காமல், நாளைக் குறித்துப் பேச்சை வாக்களிப்பவர் இந்தத் தொழிலை முறையாகக் கற்றிருக்க மாட்டார். இத்துறையில் தகுதி பெற்றவர்களுக்கு, 1992 ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இந்திய மறுவாழ்வுக் குழுமம் பதிவெண் கொடுக்கிறது. அதன் தளத்திலேயே அந்த எண் உண்மையா என்று சரிபார்க்கலாம். யாரிடம் போனாலும் முதலில் பதிவெண்ணைக் கேளுங்கள். கேட்டதற்குக் கோபித்துக்கொள்பவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

பள்ளிக்கும் நீங்கள் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டையும் தன் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது; அத்தகைய பிள்ளைக்குத் தேவையான வசதியைச் செய்து தருவது அங்கீகாரம் பெற்ற பள்ளியின் பொறுப்பு. உங்கள் மகன் அந்த வகையில் வருவானா என்பதைப் பரிசோதனைக்குப் பிறகுதான் சொல்ல முடியும். எப்படியிருந்தாலும் அந்தப் பொறுப்பை நான்காம் வகுப்பு மாணவியிடம் தள்ள எந்த ஆசிரியருக்கும் உரிமை கிடையாது. தண்ணீர், கழிப்பறை, வயிற்றுவலி, சாப்பாடு என்று படங்கள் ஒட்டிய ஓர் அட்டையை அவன் பையில் வைத்தனுப்புங்கள். அவன் தொட்டுக் காட்டட்டும், டீச்சர் அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும். படத்தைக் காட்டினால் பேச்சு வராமல் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வரும் வாரத்தில் ஒரு நாள், கடையை அடைத்துவிட்டு உங்கள் கணவரும் உங்களோடு மதுரைக்கு வர வேண்டும். நேரமில்லை என்று அவர் சொன்னால் இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுங்கள். காலையில் எழுந்து அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு மூன்று பேராகப் பஸ் ஏறுங்கள். மகளை வழக்கம்போலப் பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள், ஆஸ்பத்திரிக்கும் மொழிபெயர்க்க அவளைக் கூட்டிப் போகாதீர்கள். திரும்பி வந்ததும் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்து, அவளை மறுபடி சேர்த்துக்கொள்ள என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் முடிந்தால் நல்லது. அதற்கும் முன்பாக, அந்தப் பள்ளிக்குத் திரும்பிப் போக விருப்பமா என்று அவளிடம் தனியாகக் கேளுங்கள். தம்பி பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். அடுத்த முறை எனக்கு எழுதும்போது, அவள் என்ன சொன்னாள் என்பதை முதல் வரியில் எழுதுங்கள்.