கேட்காமல் போன சத்தம்

அன்புள்ள சார்,

வணக்கம். நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு அறிவியல் புனைகதை ஒலிநாடகம் செய்துகொண்டிருக்கிறோம். எட்டுப் பகுதிகள், ஒவ்வொன்றும் அரைமணி நேரம். எழுதுவது நான். நாயகி ஒரு ஒலிப்பதிவுப் பொறியாளர். காலத்தில் பின்னால் போய், 1914இல் சரயேவோவில் ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் சுடப்படுவதைத் தடுத்துவிடுகிறாள். திரும்பி வந்தால் முதல் உலகப்போரே நடக்காத உலகம். அங்கிருந்துதான் கதை.

என் சிக்கல் தாத்தா முரண்பாடு, அதாவது பின்னால் போய்த் தாத்தாவையே கொன்றுவிட்டால் பேரன் எப்படிப் பிறந்திருப்பான் என்கிற அந்தப் புதிர். போரே நடக்கவில்லை என்றால் அதைத் தடுக்க அவள் எதற்குப் போயிருப்பாள்? கிளை பிரியும் காலமா, மாற்றவே முடியாத ஒற்றைக் காலமா, எதை வைத்துக்கொள்வது? குழுவுக்குள் மூன்று மாதமாகச் சண்டை. அப்புறம், படம் இல்லாததால் கேட்பவர்கள் குழம்பிவிடக் கூடாது என்று ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் யாராவது வருடத்தைச் சொல்வதுபோல எழுதியிருக்கிறேன். சரிதானே? 1938இல் செவ்வாய்க் கிரகப் படையெடுப்பு வானொலி நாடகத்தைக் கேட்டு அமெரிக்கா முழுக்கத் தெருவுக்கு ஓடிவந்ததாமே, அந்த அளவுக்கு நம்பவைக்க முடியுமா? முதல் இரண்டு பகுதிகளின் பிரதியை இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் அலமாரியைக் கவிழ்த்துப்போட்டு ஒரு பழைய கேசட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். பதில் இத்தனை சீக்கிரம் வருவதற்கு அதுதான் காரணம், உங்கள் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எழுதுகிறேன் எழுதுகிறேன் என்று நாலு மாதம் தள்ளிப்போட்டிருப்பேன்.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுகிறேன். 1938இல் அமெரிக்கா முழுக்க ஓடவில்லை. பயந்தவர்கள் இருந்தார்கள், அதை நாடு தழுவிய பீதியாக ஊதிப் பெருக்கியவை மறுநாள் வந்த செய்தித்தாள்கள். அவற்றின் விளம்பர வருமானத்தை வானொலி கடித்துத் தின்றுகொண்டிருந்த காலம் அது. விடுங்கள்.

தாத்தா முரண்பாடு. 1949இல் கோடல் என்கிற கணித மேதை, ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்குச் சுழலும் பிரபஞ்சம் என்று ஒரு தீர்வைக் கண்டுபிடித்து, அதில் ஒருவர் சுற்றிக்கொண்டு தன் இறந்தகாலத்துக்கே வந்துசேர வழி இருக்கிறது என்று காட்டினார். 1957இல் எவரெட் என்கிற இயற்பியலாளர் குவாண்டம் இயற்பியலிலிருந்து கிளை உலகங்களுக்கு ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தார். முரண்பாடு வரும்படியான எதுவும் நடக்கவே நடக்காது என்று நோவிகோவ் என்கிற இன்னொரு இயற்பியலாளர் ஒரு விதி சொன்னார். சீட்டுக் குலுக்கி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், எடுத்ததைக் கடைசிவரை மாற்றாதீர்கள், எந்தப் பாத்திரத்தையும் விட்டு விளக்கவைக்காதீர்கள். இதற்கா மூன்று மாதச் சண்டை? அந்த மூன்று மாதத்தில் ஒரு கதவு திறக்கிற சத்தத்தையாவது உருப்படியாகப் பதிவுசெய்திருக்கலாம்.

சரி, பிரதிக்கு வருகிறேன். இரண்டாம் காட்சியில் ஒரு பூக்காரி, "இன்று 1914 ஜூன் 28, ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே, இளவரசர் வரும் நாளாயிற்றே!" என்கிறாள். எந்தப் பூக்காரி அப்படிப் பேசுவாள்? யாரிடம் பேசுகிறாள்? கேட்பவர் குழம்பிவிடுவார் என்ற பயத்தில் ஒரு மனுஷியை நாள்காட்டியாக்கிவிட்டீர்கள். கொஞ்ச நேரம் குழம்பட்டுமே. காலப்பயணி வந்து இறங்கும்போது அவளுக்கு என்ன தெரியும்? எந்த வருடம், எந்தத் தெரு, பக்கத்தில் நிற்பவர் யார், ஒன்றும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு நாடகம் கேட்பவரின் நிலையும் அச்சு அசல் அதேதான். இத்தனை பொருத்தமாக வாய்த்த ஒரு ஊடகத்தை வைத்துக்கொண்டு அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1924 ஜனவரி 15இல் பிபிசி ஒலிபரப்பிய 'டேஞ்சர்', எழுதியவர் ரிச்சர்ட் ஹியூஸ். கேட்பவர்களால் பார்க்க முடியாதே, என்ன செய்யலாம் என்று யோசித்தவர், கதையை ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கொண்டுபோய் விளக்கை அணைத்துவிட்டார். மாட்டிக்கொண்டவர்களுக்கும் கண் தெரியாது, கேட்பவர்களுக்கும் தெரியாது, கணக்குச் சரியாகிவிட்டது. நூறு வருடத்துக்கு முன்னாலேயே தீர்ந்துபோன சிக்கலுக்கு நீங்கள் பூக்காரியைக் கூப்பிடுகிறீர்கள்.

சரயேவோவையே எடுத்துக்கொள்வோம். தேய்ந்துபோன இடம்தான், மாற்று வரலாறு என்றாலே பாதிப்பேர் அங்கேதான் போய் நிற்கிறார்கள், போகட்டும். அன்று காலை முதலில் ஒருவன் வெடிகுண்டு வீசினான், அது இளவரசரின் வண்டியில் பட்டுத் தெறித்துப் பின்னால் வந்த வண்டியின் கீழே வெடித்தது. நகர மண்டப வரவேற்பு முடிந்ததும் இளவரசர் காயம்பட்டவரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போகலாம் என்கிறார். ஆற்றோரச் சாலையிலேயே நேராகப் போவதென்று முடிவாகிறது. அந்த முடிவு ஓட்டுநருக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. முன்னால் போன வண்டி பழைய திட்டப்படி வலதுபக்கம் திரும்ப, இவரும் திரும்புகிறார். உள்ளே இருந்த ஆளுநர் தப்பான வழி என்று கத்துகிறார், வண்டி நிற்கிறது, நின்ற இடத்துக்குச் சில அடி தூரத்தில் சதிக் கூட்டத்தில் இன்னொருவனான காவ்ரிலோ பிரின்சிப். இரண்டு தோட்டாக்கள். இளவரசர், அவர் மனைவி சோஃபி.

இதில் கண்ணால் பார்த்தே ஆகவேண்டியது என்ன இருக்கிறது? இன்ஜின், கூட்டம், ஒரு அதட்டல், பிரேக், இரண்டு வெடிச் சத்தம். உங்கள் நாயகி அங்கே கைத்துப்பாக்கியோடு கூரைமேல் ஓடவேண்டிய அவசியமே இல்லை. ஓட்டுநரின் காதில் "திரும்பாதே, நேராகப் போ" என்று சொன்னால் போதும், அவள் வந்த வேலை முடிந்தது. ஆனால் அதற்கு முன் நீங்கள் ஒரு வேலை செய்யவேண்டும். அவள் ஒலிப்பதிவுப் பொறியாளர்தானே, முதல் பகுதியில் ஏதோ ஆவணப் படத்துக்காக இந்தக் காட்சியை ஒலியில் கட்டிக்கொண்டிருக்கட்டும். இன்ஜின், அதட்டல், பிரேக், இரண்டு வெடி. சரியாக வரவில்லை என்று திரும்பப் போடட்டும். மறுபடியும். கேட்பவரின் காது அந்த வரிசைக்குப் பழகிப்போகும். அப்புறம் அவள் நிஜமாகவே அங்கே போய் நிற்கும்போது இன்ஜின் வருகிறது, அதட்டல் வரவேண்டிய இடம் தாண்டிப்போகிறது, பிரேக் இல்லை. தயவுசெய்து அந்த இடத்தில் மௌனம் வைக்காதீர்கள், வைத்தால் தந்திரம் அம்பலமாகிவிடும். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கட்டும், கூட்டத்தில் ஒரு குழந்தை சிணுங்கட்டும். இரண்டு வெடிச் சத்தத்துக்காகக் காது காத்திருந்து ஏமாறும் பாருங்கள், உலகம் மாறிவிட்டது என்று ஒருவரும் சொல்லவேண்டியதில்லை.

இரண்டாம் பகுதி. இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. நாயகி திரும்பி வருகிறாள், வானத்தில் ஆகாயக் கப்பல்கள் பறக்கின்றன, ஆஸ்திரியா-ஹங்கேரியின் ஹாப்ஸ்பர்க் வம்சத்துப் பேரரசர் இன்னும் சிம்மாசனத்தில் இருக்கிறார், அவள் "அடேயப்பா" என்கிறாள். பதினோரு பக்கம் அடேயப்பா. ஏன் எல்லா மாற்று உலகத்திலும் ஆகாயக் கப்பல் பறக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அதுவும் ஒலிநாடகத்தில் யார் பார்க்கப்போகிறார்கள்? அது கிடக்கட்டும். அந்தப் பதினோரு பக்கத்தில் அவளுக்கு ஒரே ஒரு ஆளைக்கூடத் தேடத் தோன்றவில்லையே, ஏன்?

கொஞ்சம் யோசியுங்கள். ஒரு குழந்தை கருக்கொள்வது அந்த ஒரு கணத்துக்கே உரிய தற்செயல். அன்றைக்கு வீட்டுக்கு ஐந்து நிமிடம் தாமதமாக வந்திருந்தால் பிறந்திருப்பது வேறொரு குழந்தை. அப்படியிருக்க, ஒரு உலகப்போரையே எடுத்துவிட்டால்? யார் யாரை மணந்தார்கள், எந்த ஊருக்குப் போனார்கள், எந்த இரவு எங்கே இருந்தார்கள், எல்லாம் போயிற்று. முதல் வருடத்தில் சிலர், அடுத்த தலைமுறையில் அநேகமாக எல்லோரும். அவளுடைய அம்மா இல்லை. ஸ்டுடியோவில் அவளோடு ஹெட்ஃபோனுக்குச் சண்டைபோட்ட பையன் இல்லை. நீங்கள் இல்லை, நான் இல்லை. இறந்துபோனவர்களுக்காவது ஒரு கல்லறை, ஒரு புகைப்படம், திட்டுவதற்கு ஒரு உறவினர் என்று ஏதாவது இருக்கும். இவர்களுக்கு அதுகூடக் கிடையாது. இவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அவள் ஒருத்தியின் மண்டை மட்டும்தான் சாட்சி.

போரில் செத்த ஏறத்தாழ ஒரு கோடிப் படைவீரர்களைக் காப்பாற்றியது தப்பா என்று கேட்பீர்கள். தப்பென்று நான் சொல்லவில்லை, வாய்ப்புக் கிடைத்தால் நானும் அந்த ஓட்டுநரின் காதில் போய்ச் சொல்வேன். சொல்லிவிட்டு வந்து ஆகாயக் கப்பலை வேடிக்கை பார்க்க மாட்டேன், அவ்வளவுதான்.

எனக்கு ஏன் இவ்வளவு கொதிக்கிறது என்றால், நான் அந்தக் காரியத்தைச் செய்தவன். பதினோரு வயதில். எங்கள் வீட்டு டேப்ரிக்கார்டர் புதிதாக வந்த அன்று அப்பா அதைச் சோதித்துப் பார்க்க அத்தையைப் பேசச் சொன்னார். அத்தை முதலில் வெட்கப்பட்டு, அப்புறம் நிறுத்தாமல் அரைமணி நேரம் பேசினாள். எனக்குத் தெரிந்து அவள் குரல் பதிவானது அந்த ஒரு தடவைதான். அத்தை போன பிறகு அப்பா அந்தக் கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல்லைப் பேனாக் கத்தியால் உடைத்து வைத்தார். அதை உடைத்துவிட்டால் ரெக்கார்ட் பொத்தான் இறங்காது. ஒரு நாள் ராத்திரி வானொலியில் காலப்பயணத்தைப் பற்றி ஒரு நாடகம், வீட்டில் காலிக் கேசட் இல்லை. உடைந்த பல் இருந்த குழிக்குள் காகிதத்தை மடித்துத் திணித்தால் பொத்தான் இறங்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. திணித்தேன். இறங்கியது.

ரிக்கார்டரில் நாடா முதலில் அழிக்கும் ஹெட்டைத் தொட்டுவிட்டுத்தான் பதியும் ஹெட்டுக்கு வரும். மலிவான ரிக்கார்டர்களில் அந்த அழிக்கும் ஹெட் வெறும் ஒரு குட்டிக் காந்தம். அந்தக் காந்தத்துக்கு அத்தையும் ஒன்றுதான், வெற்று இரைச்சலும் ஒன்றுதான்.

அப்பா என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. கேசட்டைப் போட்டு, நாடகம் முழுவதையும் குனிந்து உட்கார்ந்து கேட்டார். எனக்கு அது என்ன நாடகம் என்றுகூட இப்போது ஞாபகமில்லை, ஒரு வசனம் ஞாபகமில்லை. நாடகம் முடிந்தது, நான் நிறுத்திய 'டக்' கேட்டது, அதற்கப்புறம் அத்தை. "இன்னுமா ஓடுது அது?" என்று கேட்டு ஒரு சிரிப்பு. நாலு நொடி இருக்கும். பிறகு நாடா தீர்ந்துவிட்டது. அப்பா பின்னால் சுற்றி அந்த நாலு நொடியை மறுபடி போட்டார். அன்று எத்தனை தடவை போட்டார் என்று நான் எண்ணவில்லை, எழுந்து வெளியே போய்விட்டேன்.

பெரிய நிறுவனங்களும் இதைத்தான் செய்தன. பிபிசி அறுபதுகளில் ஒளிபரப்பிய காலப்பயணத் தொடரான 'டாக்டர் ஹூ'வின் நாடாக்கள் பலவற்றைப் பின்னால் அழித்தேவிட்டது. படம் போயிற்று. ஆனால் வீட்டில் டேப்ரிக்கார்டரை வைத்துச் சத்தத்தை மட்டும் பிடித்துவைத்த ரசிகர்களின் புண்ணியத்தில், தொலைந்துபோன பகுதிகள் அத்தனைக்கும் ஒலி மிஞ்சியிருக்கிறது. அதே தொடரில் கால இயந்திரத்தின் சத்தம் எப்படி வந்தது தெரியுமா? பிரையன் ஹாட்ஜ்சன் என்பவர் 1963இல் தன் அம்மாவின் வீட்டுச் சாவியை எடுத்து ஒரு பழைய பியானோவின் தந்திகள்மேல் இழுத்தார், அந்தப் பதிவைத்தான் அப்புறம் நாடாவில் வைத்து வேலைசெய்தார்கள். உங்கள் பிரதியில் அந்த இடத்தில் 'மின்னணு ஒலி' என்று இரண்டு வார்த்தை இருக்கிறது. போய் ஒரு சாவியைத் தேடுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இதை நீங்கள் கதையில் பயன்படுத்திக்கொள்ளலாம், நாயகியின் தொழிலுக்கும் ஒத்துப்போகும். காந்த நாடா வருடக்கணக்கில் சுருண்டே கிடந்தால் ஒரு சுற்றின் பதிவு அதை ஒட்டிக் கிடக்கும் சுற்றில் லேசாக ஏறிவிடும். போட்டுக் கேட்டால், ஒருவர் பேசத் தொடங்கும் முன்பே, ஓரிரு நொடி முன்னால், அவர் பேசப்போவது தூரத்தில் முனகலாகக் கேட்கும். பழைய நாடாக்களைக் காப்பவர்கள் இதற்காகவே நாடாவைக் கடைசியிலிருந்து சுற்றி வைப்பது உண்டு, அப்படி வைத்தால் எதிரொலி முன்னால் வராமல் பின்னால் வரும், காது அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. உங்கள் மாற்று உலகத்தில் நாயகி ஒரு பழைய நாடாவைப் போடும்போது, அங்கே பிறக்கவே பிறக்காத ஒருவரின் குரல் அப்படி அடியில் கேட்டால்? கிளைக் காலமா ஒற்றைக் காலமா என்று உங்கள் நண்பர்கள் அப்புறம் சண்டைபோட்டுக்கொள்ளட்டும்.

இந்த விஷயத்தை நான் படித்தது போன மாதம்தான். படித்ததிலிருந்து எனக்கு ஒரே யோசனை. அத்தையின் அந்த நாலு நொடி இத்தனை வருடமாக நாடகத்தின் கடைசி வசனங்கள் பதிந்த சுற்றின் மேலேயே ஒட்டிக் கிடக்கிறது. அப்படியானால் நாடகம் முடிவதற்குச் சற்று முன்னால், நடிகர்களின் பேச்சுக்கு அடியில், அவள் குரல் ஏறியிருக்க வேண்டும். சிரிப்பு ஏறியிருக்காவிட்டாலும் அந்தக் கேள்வியாவது.

கேசட் கிடைத்துவிட்டது. குழியில் நான் திணித்த காகிதம்கூட அப்படியே இருக்கிறது. போட்டுக் கேட்க வீட்டில் ரிக்கார்டர் இல்லை, இருந்தது எப்போதோ போய்விட்டது. நீங்கள் ஐந்து பேரும் ஒலிக்காரர்களாயிற்றே, யாரிடமாவது நாடாவைக் கடிக்காத, நல்ல ஹெட் உள்ள ரிக்கார்டர் இருந்தால் எழுதுங்கள். பூக்காரியின் வசனத்தை வெட்டிவிட்டு எழுதுங்கள்.