அப்பாவுக்குப் பரிசாக 20,000 ரூபாய்க்குள் டிஜிட்டல் கேமரா: கோத்தகிரிப் பனியில் எது தாங்கும்?

உங்கள் அப்பா கோத்தகிரி பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் இருந்து இரண்டு மாதத்தில் ஓய்வு பெறுகிறார், காலை நடையில் பறவை பார்ப்பவர், 20,000 ரூபாய்க்குள் ஒரு கேமரா வாங்கித் தரலாமா, இல்லை போனே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இந்த மலைதான், குன்னூர். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

வீட்டு விசேஷம், பேரப்பிள்ளை, கோடநாடு காட்சிமுனை என்றால் போனே போதும், காசை மிச்சம் பிடியுங்கள் என்பேன். பறவை என்று சொல்லிவிட்டீர்கள். சில்வர் ஓக் உச்சியில் உட்கார்ந்திருக்கும் குருவியைப் போனில் எடுத்தால் ஒரு கரும்புள்ளிதான் மிஞ்சும்.

பலரும் எஸ்.எல்.ஆர். (லென்ஸைக் கழற்றி மாற்றும் பெரிய கேமரா) வாங்கச் சொல்வார்கள். கேட்காதீர்கள். கேனான் 1500டி நல்ல கேமராதான், ஆனால் கூட வரும் 18-55 லென்ஸில் அந்தக் குருவி கடுகளவுக்கு மேல் தெரியாது. எட்டிப் பிடிக்கும் லென்ஸைத் தனியாக வாங்கப் போனால் உங்கள் பட்ஜெட் முதலில் பறந்துவிடும். அதே மாதிரி இணையத்தில் ஐந்தாயிரம் ரூபாய்க்கு '48 மெகாபிக்சல், 16 மடங்கு ஜூம்' என்று பெயர் தெரியாத கேமராக்கள் வரும். அந்த ஜூம் பெரும்பாலும் டிஜிட்டல் ஜூம். எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டும் வேலை, அதைப் போனிலேயே விரலால் செய்துகொள்ளலாம். மெகாபிக்சலிலும் மயங்க வேண்டாம். ஆல்பத்தில் ஒட்டும் 4x6 அங்குலப் படத்துக்கு 2 மெகாபிக்சலே தாராளம்.

உங்களுக்கு வேண்டியது லென்ஸே முன்னால் நீண்டு போகும் ஆப்டிகல் ஜூம் உள்ள, லென்ஸ் கழற்ற முடியாத வகை. பிரிட்ஜ் கேமரா என்பார்கள். கேனான் எஸ்எக்ஸ்430 (45 மடங்கு), நிக்கான் பி500 (B500, 40 மடங்கு) இரண்டும் இந்த இனம். பி500 நான்கு பென்சில் பேட்டரியில் ஓடும், அது ஒரு வசதி. ஆனால் இரண்டிலும் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது. அப்பாவுக்கு வெள்ளெழுத்து வந்திருக்கும் வயது. பின்திரையைப் பார்க்க மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் பறவை அடுத்த எஸ்டேட்டுக்குப் போய்விடும். வியூஃபைண்டர் இருந்தால் பக்கத்தில் உள்ள சின்னத் திருகைத் திருப்பி அவர் பார்வைக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம். முகத்தோடு அணைத்துப் பிடிப்பதால் கை நடுக்கமும் குறையும்.

அதனால் என் ஓட்டு, பழைய கேனான் எஸ்எக்ஸ்60 (65 மடங்கு, வியூஃபைண்டர் உண்டு). நிக்கான் பி900 (P900) இன்னும் எட்டும், 83 மடங்கு. ஆனால் கிட்டத்தட்ட 900 கிராம், ஏற்றத்தில் கழுத்தை இழுக்கும். இரண்டுமே இப்போது செகண்ட் ஹேண்டில்தான் தேட வேண்டும். பரிசுக்குப் பழையதா என்று சங்கடப்படாதீர்கள், நல்ல டப்பாவில் போட்டுக் கொடுத்தால் சரி.

வாங்கும்போது கோயம்புத்தூருக்கு நேரில் போய், கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். ஜூமை முழுக்க நீட்டி மடக்குங்கள், கரகரவென்று சத்தம் வந்தால் வைத்துவிட்டு வாருங்கள். வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்தால் உள்ளே தூசி இருப்பது புள்ளியாகத் தெரியும். (நம்மூரில் இதற்குச் சுவர் கூட வேண்டாம், மூடுபனியே போதும்.) அப்புறம் போன் டார்ச்சை லென்ஸின் மேல் சாய்வாக அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி இழை தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பூஞ்சையைப் பற்றி இவ்வளவு பேசக் காரணம் என் மாமா. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் வேலை பார்த்தவர். 1967-இல் உற்பத்தி தொடங்கி 'இந்து' என்ற பெயரில் பிலிம் போட்ட அதே ஆலை. வாழ்நாளெல்லாம் இருட்டறையில் பிலிமோடு இருந்த மனுஷனுக்கு டிஜிட்டல் கேமரா தரலாமே என்று ஆசையாக ஒன்று வாங்கி, தோல் உறையில் போட்டுக் கொடுத்தேன். அவரும் பத்திரமாகப் பீரோவில், வேட்டிகளுக்கு நடுவே வைத்துவிட்டார். ஒரு மழைக்காலம் முழுக்க வெளியே எடுக்கவில்லை. எடுத்தபோது படமெல்லாம் புகை மூட்டம். "கேமராவுக்குப் பூசணம் பிடிச்சிருச்சுடா" என்றார், ஊறுகாயைச் சொல்வது போல.

ஈரம், இருட்டு, காற்றோட்டம் இல்லாத இடம், இந்த மூன்றும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். தோல் உறை ஈரத்தை வேறு பிடித்து வைத்துக்கொள்ளும். நாளாக ஆக பூஞ்சை விடும் அமிலம் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். பிரிட்ஜ் கேமராவில் லென்ஸைத் தனியே கழற்ற முடியாததால் சுத்தம் செய்யும் கூலிக்கு இன்னொரு பழைய கேமராவே வாங்கிவிடலாம். கூடலூர் பக்கம் ஜூன், ஜூலையில் ஊறும் என்றால் உங்கள் கோத்தகிரிக்கு அக்டோபருக்கு மேல் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. எந்த மாதம் வாங்கினாலும் தப்பிக்க முடியாது.

வைத்தியம் மலிவு. ரப்பர் வளையம் வைத்த காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, கால் கிலோ சிலிகா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. முள் 40-50 சதவீதத்தில் நின்றால் நிம்மதி, 60-ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்ற வேண்டும். நீல ஜெல் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும், சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் சூடாக்கினால் மறுபடி நீலமாகும். பீரோவுக்குள் குண்டு பல்பு எரிய விடும் பழைய மலைவாசி வித்தையும் உண்டு, ஆனால் அது சூட்டில்தான் வேலை செய்யும். எல்.இ.டி. பல்பை வைத்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

ஒன்றை மட்டும் அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்தக் கேமராக்களில் வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சார் சிறியது. சோலைக்குள் மங்கலான வெளிச்சத்தில் நீலகிரிச் சிரிப்பானை எடுத்தால் படம் மணல் தூவினது போல வரும். முதலில் வேலியோரக் கொண்டைக்குருவியில் கை பழகட்டும்.

ஓய்வு பெறும் நாளன்று மாலையோடும் சால்வையோடும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். ஒரு மாதம் முன்பே, கார்டு போட்டு, பேட்டரி சார்ஜ் ஏற்றி, டப்பாவோடு கொடுங்கள். தொழிற்சாலையில் கூட வேலை பார்த்தவர்களை அவர் கையாலேயே எடுத்துக்கொள்ளட்டும்.