தூரிகைக்கு முன்னே தறி

கேள்வி: வான் கோ தீட்டிய ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’, ‘விண்மீன் இரவு’ ஆகிய இரண்டையும் ஒரு நூலில் அடுத்தடுத்த பக்கங்களில் பார்த்தேன். முதலாவது சேறும் புகையுமாக இருக்கிறது. இரண்டாவதில் நீலமும் மஞ்சளும் கொப்பளிக்கின்றன. முன்னதில் பின்னதற்கான தடயம் ஏதேனும் உண்டா, அல்லது பாரிஸுக்குப் போனதும் ஆளே மாறிவிட்டாரா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்கள் குறிப்பிடும் இரு ஓவியங்களுக்கும் இடையே நான்கே ஆண்டுகள்தாம்: முதலாவது 1885-இல் நெதர்லாந்தின் நூனென் கிராமத்தில் தீட்டப்பட்டது; இரண்டாவது 1889 ஜூனில் பிரான்சின் சேன் ரெமியில். தடயம் உண்டு, ஆனால் அதை வண்ணத்தின் ஒளியில் தேடினால் கிடைக்காது. வண்ணத்தை அவர் எப்படிச் சிந்தித்தார் என்பதில் தேட வேண்டும்.

நூனென் நெசவாளர்கள் வாழ்ந்த ஊர். 1884-இல் வான் கோ அவர்களுடைய வீடுகளுக்குள் சென்று, தறியையும் அதன் நடுவே சிறைப்பட்டவர்போல் அமர்ந்திருக்கும் நெசவாளரையும் திரும்பத் திரும்ப வரைந்தார். அங்கே அவர் கண்டது வறுமையை மட்டுமன்று. சிவப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை, கறுப்பு நூல்களைக் கலந்து நெய்த துணி தொலைவிலிருந்து சாம்பல் நிறமாகத் தெரிவதையும், அந்தச் சாம்பலுக்கு ஒற்றைச் சாயத்தில் தோய்த்த துணிக்கு இல்லாத உயிர் இருப்பதையும் அவர் தம்பி தியோவுக்கு எழுதினார். ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ பற்றிய கடிதத்திலும், ஓவியத்தையே ஒரு துணியாக உருவகித்து, குளிர்காலம் முழுவதும் அந்தத் துணியின் நூல்கள் தம் கையில் இருந்ததாகவும், நெய்து முடித்தது முரடாகத் தோன்றினாலும் நூல்கள் கவனத்துடன், சில விதிகளின்படி தேர்ந்தெடுக்கப்பட்டவை என்றும் சொல்கிறார்.

அந்த விதிகளை அவர் பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவாவின் வண்ணக் கொள்கையைப் பற்றிப் படித்து அறிந்திருந்தார்: சிவப்பும் பச்சையும், நீலமும் ஆரஞ்சும், மஞ்சளும் ஊதாவும் எதிரெதிர் இணைகள், கலந்தால் ஒன்றையொன்று மங்கச் செய்யும், அருகருகே வைத்தால் ஒன்றையொன்று தூண்டிவிடும். நூனெனில் அவர் பெரும்பாலும் முதல் வழியில் சென்றார். தோலுரிக்காத, மண் ஒட்டிய உருளைக்கிழங்கின் நிறம் என்று அவரே வருணித்த முகங்களின் நிறம் அப்படித்தான் உருவானது. முதலில் வெளிறிப்போயிருந்த முகங்களின் மீது மீண்டும் தீட்டித்தான் அந்த நிறத்துக்குக் கொண்டுவந்தார். 1886-இல் பாரிஸுக்குப் போய் ஸெரா, சின்யாக் ஆகிய ஓவியர்கள் வண்ணங்களைக் கலக்காமல் சிறு புள்ளிகளாக அருகருகே வைத்துத் தீட்டிய படங்களைக் கண்ட பின்பு, கலக்குவதைக் குறைத்து, நூல்களைத் தனித்தனியே தெரிய விட்டார். கொள்கை ஏற்கெனவே கையில் இருந்தது. பாரிஸ் கற்றுக்கொடுத்தது அதை மறைக்காமல் வைக்கும் துணிவையே என்பது என் எண்ணம். வண்ண இணைகளைச் சோதிக்க அவர் பயன்படுத்திய கம்பளி நூற்கண்டுகள், ஒரு சிவப்பு அரக்குப் பெட்டியில், ஆம்ஸ்டர்டாமிலுள்ள வான் கோ அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. சில கண்டுகளில் இரண்டு மூன்று நிற இழைகள் சேர்த்துச் சுற்றப்பட்டிருக்கின்றன.

இன்னொரு தடயம் பேனாவில் இருக்கிறது. 1884 மார்ச்சில் அவர் மையால் வரைந்த, தலை வெட்டப்பட்ட பிர்ச் மரங்களின் படத்தைத் தேடிப் பாருங்கள். புல்லும் மரப்பட்டையும் குட்டைக் கோடுகளாலேயே ஆனவை. தென் பிரான்சின் ஆர்ல் நகரில் 1888-இல் நாணற்பேனாவால் வரைந்த வயல்களிலும், பிறகு சேன் ரெமியின் வானத்திலும் அதே கை தெரியும். பேனாக் கோடு தூரிகைத் தீற்றலாகத் தடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி: பிற்கால ஓவியங்களை அறிந்திருப்பதால்தானே முற்காலத்தில் அவற்றின் விதையைக் காண்கிறோம்? அக்காலத்தில் யாராவது கண்டார்களா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: நியாயமான ஐயம். அப்போது வான் கோவின் நெருங்கிய நண்பரான ஓவியர் வான் ராப்பார்டே காணவில்லை. ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ படத்தின் கல்லச்சுப் பிரதியை (கல்லில் வரைந்து தாளில் அச்சிட்டது) பார்த்துவிட்டு, வலப்புறம் இருப்பவருக்கு முழங்காலும் வயிறும் நுரையீரலும் கிடையாதா என்று கேட்டு எழுதினார். அந்த நட்பு அதோடு நலிந்துபோனது. உடற்கூற்றைப் பொறுத்தவரை ராப்பார்ட் சொன்னது தவறன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அவர் பிழையாகக் கண்ட அந்த மிகையே பின்னர் அவருடைய பிற்கால ஓவியங்களின் சைப்ரஸ் மரங்களை முறுக்கியது.

முன்னும் பின்னும் நாமாக இணைத்துக்கொண்டவை அல்ல என்பதற்கு ஓவியரே சாட்சி. 1887-இல், பாரிஸின் ஒளியெல்லாம் கண்ட பிறகும், தாம் செய்தவற்றில் சிறந்தது அந்த நூனென் ஓவியமே என்று தங்கைக்கு எழுதினார். 1890 வசந்தத்தில், சேன் ரெமி மருத்துவமனையில் இருந்தபோது, அதைப் புதிதாகத் தீட்ட எண்ணித் தம் பழைய வரைபடங்களை அனுப்பச் சொல்லிக் கேட்டார். அவ்வாண்டு ஜூலை 29 அன்று அவர் இறந்துபோக, அந்த ஓவியம் தீட்டப்படவேயில்லை. மேசையைச் சுற்றி அமர்ந்து உண்பவர்களின் சில கோட்டுப் படங்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன.